சிப்பாய்களைத் துப்பறிவாளர்களாக மாற்றிய ஸ்லீமன்: ‘தக்’ கொள்ளையர்கள் பிடிபட்டது எப்படி?

கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் ஊர் முள்ளுக்குறிச்சி. நாமக்கல் மாவட்டம், ராசிபுரம் பக்கம். இங்கிருந்து பட்டாளத்துக்குப் போன ஒரு பையன் லீவில் வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். சேலத்தில் ரயிலைவிட்டு இறங்குவான், ராசிபுரத்துக்கு பஸ் பிடிப்பான், நாமகிரிப்பேட்டை தாண்டினால் வீடு வந்தாச்சு. அதற்குள் எங்கே வர்றே, சாப்பிட்டியா என்று அம்மாவிடமிருந்து நாலு போன் வந்திருக்கும். சம்பளம் பத்திரமாக பேங்க் கணக்கில் கிடக்கும்.

இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சிப்பாய் லீவில் ஊருக்குப் போவது இப்படி இல்லை. ரயில் கிடையாது. மாதக்கணக்கில் சேர்த்த சம்பளத்தை இடுப்பில் முடிந்துகொண்டு நடந்தே போக வேண்டும். வழியில் அவர் காணாமல் போனால்? படைப்பிரிவில் இருப்பவர்கள், லீவு முடிந்தும் திரும்பவில்லை, ஓடிப்போய்விட்டான் என்று பேரை அடித்துவிடுவார்கள். ஊரில் இருப்பவர்களோ, அவன் இன்னும் பட்டாளத்தில்தான் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் புகார் கொடுக்க ஆளில்லை. பிணமும் இல்லை, சாட்சியும் இல்லை. கொலை நடந்தது என்பதே யாருக்கும் தெரியாது.

வட இந்தியாவில் இப்படிக் காணாமல் போன சிப்பாய்கள் ஏராளம். 1810-ல் வங்காளப் படையின் தளபதிகளில் ஒருவராக இருந்த செயின்ட் லெகர் இதற்காகவே ஒரு உத்தரவு போட்டார். ஊருக்குப் போகும்போது பணத்தைக் கையில் கொண்டுபோகாதே, உண்டியலாக மாற்றிக்கொள், வழியில் பழகுகிற முன்பின் தெரியாதவர்களை நம்பாதே என்பதுதான் அதன் சாரம். எச்சரிக்கை வந்துவிட்டது. ஆனா, செய்தவர்கள் யார் என்று கண்டுபிடிக்க ராணுவத்தில் ஆள் இல்லை. போலீஸ் என்று ஒரு துறை உருப்படியாக இருந்தால்தானே!

அந்த வேலையைக் கையில் எடுத்தவரும் ஒரு ராணுவ அதிகாரிதான். பெயர் வில்லியம் ஹென்றி ஸ்லீமன். ‘தக்’ என்ற சொல்லை இங்கிலீஷ் அகராதி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்ததில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. 2025-ல் கமல்ஹாசனின் ‘தக் லைஃப்’ வந்தபோது, ‘தக்’ என்றால் யார் என்று தேடியவர்கள் எல்லோருமே கடைசியில் இவர் பெயரில்தான் போய் நின்றிருப்பார்கள்.

யார் இந்த ஸ்லீமன்?

1788 ஆகஸ்ட் 8-ம் தேதி, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வால் பகுதியில் பிறந்தவர். அப்பா கலால் வரி அதிகாரி. 1809-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் கேடட்டாகச் சேர்ந்து இந்தியா வந்தார். 1814-ல் தொடங்கிய நேபாளப் போரில் சண்டை போட்டார். அதுவரை ஆயிரத்தில் ஒரு அதிகாரி, அவ்வளவுதான். ஒரே ஒரு வித்தியாசம், இவருக்கு மொழிகள் மேல் பைத்தியம். இந்தி, உருது, பாரசீகம் என்று வரிசையாகக் கற்றுக்கொண்டார். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இதுதான் மூலதனம்.

1820-ல் அவரைப் படையிலிருந்து சிவில் நிர்வாகத்துக்கு மாற்றினார்கள். இப்போதைய மத்தியப் பிரதேசத்தில் இருக்கும் சாகர், நர்மதை பகுதி. அங்கே நரசிங்பூர் மாவட்டம் அவர் பொறுப்பில் வந்தது. வரி வசூல், வழக்கு விசாரணை, சட்டம் ஒழுங்கு எல்லாம் ஒரே ஆள். இதற்கென்று தனியாக ஒரு பயிற்சியும் கிடையாது. துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவரை நீதிபதி நாற்காலியில் உட்கார வைத்த காலம் அது.

அங்கேதான் அவருக்கு முதல் அடி விழுந்தது. விழுந்த நேரத்தில் அவருக்கே தெரியவில்லை என்பதுதான் விசேஷம்.

நரசிங்பூரில் தன் மாவட்டத்தில் நடக்கிற சின்னத் திருட்டுகூடத் தனக்குத் தெரியாமல் போகாது என்று ஸ்லீமன் நம்பிக்கொண்டிருந்தார். பல வருஷம் கழித்து, பிடிபட்ட தக்குகள் வாய் திறந்தபோது உண்மை வெளியே வந்தது. அவருடைய கச்சேரியிலிருந்து சில நூறு கஜ தூரத்தில், கந்தேலி என்ற கிராமத்தில், ஒரு தக் கூட்டம் குடும்பம் குட்டியோடு வாழ்ந்திருக்கிறது. கொஞ்ச தூரத்தில் இருந்த மந்தேசர் மாந்தோப்பு, அந்த வட்டாரத்திலேயே பெரிய புதைகுழிகளில் ஒன்று. ஊர்ப் பெரியமனுஷர்கள் என்று அவர் மரியாதை கொடுத்த ஆட்கள் சிலர், மழைக்காலம் முடிந்ததும் கொலைக்குக் கிளம்புகிறவர்கள். இதை மறைக்காமல் தன் புத்தகத்தில் எழுதியும் வைத்தார். தயாராக இல்லாத ஒரு விசாரணை அதிகாரி எப்படி இருப்பார் என்பதற்கு, அவருக்குத் தெரிந்த முதல் உதாரணம் அவரேதான்.

சென்னைக்கு முன்பே தெரியும்

கதையை எல்லோரும் ஜபல்பூரில் ஆரம்பிப்பார்கள். உண்மையில் இந்தக் கொலைகாரர்களைப் பற்றிய விவரமான பதிவு முதலில் வந்தது நம் பக்கத்திலிருந்துதான். அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த சித்தூரில் மாஜிஸ்திரேட்டாக இருந்தவர் வில்லியம் ரைட். சித்தூருக்கும் ஆற்காட்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் பிடிபட்ட கூட்டங்களை அவர் விசாரித்தார். தெற்கே இவர்களுக்குப் பெயர் ‘பான்சிகர்’. சுருக்குப் போட்டுக் கொல்பவர் என்று அர்த்தம். சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த ரிச்சர்ட் ஷெர்வுட், அந்தத் தகவல்களை வைத்து 1816-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஸ்லீமன் அதைப் படித்தார், பிற்பாடு தன் புத்தகத்திலேயே சேர்த்துக்கொண்டார்.

ரைட்டுக்கு இருந்த பிரச்சினைதான் ஸ்லீமனுக்கும் வந்தது. பிடித்தால் மட்டும் போதாதே, கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். செத்தவர் யார் என்று தெரியாது. கொலை நடந்தது ஒரு மாவட்டம், கொலையாளியின் வீடு வேறொரு மாவட்டம், பல நேரம் வேறொரு சமஸ்தானம். கொலையில் பங்கெடுத்தவன் சொல்லும் சாட்சியை அன்றைய நீதிமன்றங்கள் லேசில் ஏற்கவில்லை. அதனால் ஆட்கள் ரிலீஸ் ஆகிப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

தலைக்கு மேல் கூடாரம், கீழே எலும்புக்கூடு

1830-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. அந்த அக்டோபரில் கல்கத்தா பத்திரிகை ஒன்றில் பெயர் போடாத ஒரு கடிதம் வந்தது. விந்தியாசல் காளி கோயிலை மையமாக வைத்து நாடு முழுக்க ஒரு கொலைக்கூட்டம் இயங்குகிறது என்று பகீர் கிளப்பியது அந்தக் கடிதம். எழுதியவர் ஸ்லீமன். கவர்னர் ஜெனரல் பெண்டிங் பிரபுவின் அரசு உடனே விழித்துக்கொண்டது.

அதே வருஷக் கடைசியில் ஃபெரிங்கியா என்ற தக் தலைவன் பிடிபட்டான். ஆளும் அழகு, பேச்சும் அழகு, கூட்டத்தில் பெரிய மரியாதை. உயிருக்கு உத்தரவாதம் கிடைத்தால் அப்ரூவராக மாறுகிறேன் என்றான். ஸ்லீமன் உடனே நம்பிவிடவில்லை. சலோதா என்ற ஊரின் மாந்தோப்பில் முகாம் போட்டிருந்தபோது, பிணங்கள் புதைந்திருக்கும் இடத்தைக் காட்டச் சொன்னார். காட்டிய இடங்களில் ஒன்று, ஸ்லீமனின் கூடாரமே நின்ற இடம். மனைவி அமேலி அதற்குள்தான் தூங்கியிருக்கிறார். தோண்டினால் எலும்புக்கூடுகள் வந்தன. அடுத்த குழி, அதற்கடுத்த குழி என்று ஃபெரிங்கியா காட்டிக்கொண்டே போனான்.

விசாரணை முறையே இந்த இடத்தில்தான் மாறியது. அப்ரூவர் சொல்வது உண்மையா என்று மண்ணைத் தோண்டிப் பார்த்துவிடலாம்!

பள்ளிக்கூடம் இல்லாத பயிற்சி

வேலை ஒரு மாவட்டத்தோடு நிற்காது என்று தெரிந்ததும் ஆள் தேவைப்பட்டது. 1835-ல் தக் ஒழிப்புக்கான தலைமைக் கண்காணிப்பாளராக ஸ்லீமன் நியமிக்கப்பட்டார். தலைமையிடம் ஜபல்பூர். அவருக்குக் கீழே வந்த உதவியாளர்களில் பெரும்பாலானவர்கள் படையிலிருந்து எடுக்கப்பட்ட கேப்டன்கள், லெப்டினன்ட்கள். ஹைதராபாத் பக்கம் ரெனால்ட்ஸ், லக்னோவில் பேட்டன் என்று ஆளுக்கொரு பகுதி. களத்தில் இறங்கித் தேடியவர்கள் ‘நஜீப்’ என்ற துணைப்படை வீரர்களும் சிப்பாய்களும். அணிவகுப்பு தெரியும், கோட்டையை முற்றுகையிடத் தெரியும். ஒரு கொலையை எப்படி விசாரிப்பது? யாருக்கும் தெரியாது.

இவர்களுக்கு ஸ்லீமன் முதலில் கற்றுக்கொடுத்தது பாஷை. தக்குகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரகசிய மொழிக்கு ‘ராமஸி’ என்று பெயர். பக்கத்தில் நிற்கும் பயணிக்குப் புரியாத மாதிரி, அவனைக் கொல்வது பற்றியே அவன் முன்னாடி பேசுவார்கள். புகையிலை எடு என்று தலைவன் சாதாரணமாகச் சொல்வான், அதுதான் கழுத்தில் துணியைப் போடுவதற்கான சைகை. அப்ரூவர்களை உட்கார வைத்து நூற்றுக்கணக்கான சொற்களைக் கேட்டு எழுதி, 1836-ல் கல்கத்தாவில் ‘ராமஸியானா’ என்ற பெயரில் ஸ்லீமன் புத்தகமாகப் போட்டார். தமிழில் பரிபாஷை என்று சொல்வோமே, அதற்கு ஒரு அகராதி. நூலகத்தில் வைக்க எழுதியது இல்லை இது. நாளைக்கு ரெனால்ட்ஸின் முன்னால் ஒரு கைதி உட்காரும்போது, அவன் பேச்சில் எந்தச் சொல் இடறுகிறது என்று பிடிக்க எழுதியது. விசாரணை அதிகாரிகளுக்கான பயிற்சிக் கையேடு என்று இந்தியாவில் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

அடுத்தது வம்சாவளி. யார் மகன், யாருக்கு மாமன், எந்தக் கூட்டத்தில் எந்த வருஷம் போனான் என்று தக் குடும்பங்களுக்கு மரம் வரைந்தார்கள். ஒருவன் மத்திய இந்தியாவில் பேரை மாற்றிச் சொன்னாலும், அவுத்தில் இருக்கும் அவன் சித்தப்பாவின் வாக்குமூலம் காட்டிக்கொடுத்துவிடும். கணினி இல்லாத காலத்தில் இது ஒரு தரவுத்தளம். கூடவே வரைபடமும். அவுத் சமஸ்தானத்தின் சாலைகளில் மட்டும் 274 கொலைக்களங்களை பேட்டன் குறித்தார். சில மைல்களுக்கு ஒன்று என்ற கணக்கு.

மூன்றாவது, ஒப்பிட்டுப் பார்ப்பது. ஒரு அப்ரூவர் ஜபல்பூரில் சொன்ன கொலையை, அவனைப் பார்க்கவே வாய்ப்பில்லாத இன்னொருவன் ஹைதராபாத்தில் சொல்கிறானா? எத்தனை பேர் செத்தார்கள், என்ன கிடைத்தது, யார் பிடித்துக்கொண்டார்கள் என்ற விவரங்கள் ஒத்துப்போகின்றனவா? இதையெல்லாம் பதிவேடுகளில் எழுதி அலுவலகத்துக்கு அலுவலகம் அனுப்பினார்கள். அடித்து வாங்கிய ஒரே ஒரு வாக்குமூலத்தை நம்பிக்கொண்டிருந்த காலத்தில் இது உண்மையிலேயே பெரிய முன்னேற்றம். 

பரீட்சை, மார்க், சான்றிதழ் எதுவும் இல்லை. ஒரு அதிகாரி இந்த வேலைக்குத் தயாரா என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள்? காட்டிய இடத்தில் எலும்பு கிடைத்ததா, இரண்டு வாக்குமூலம் ஒத்துப்போனதா, கோர்ட்டில் கேஸ் நின்றதா என்பதை வைத்துத்தான். இந்த மூன்றில் முதலாவது உறுதியானது. எலும்பு பொய் சொல்லாது. பிரச்சினை மற்ற இரண்டில் வந்தது.

97 பேர் மட்டும்

கோர்ட்டில் கேஸ் நிற்காததால், அரசு சட்டத்தையே மாற்றியது. 1836-ம் ஆண்டின் 30-வது சட்டம் சொன்னது இதுதான்: ஒருவர் தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று நிரூபித்தால் போதும், கடுங்காவலோடு ஆயுள் தண்டனை. எந்தக் கொலை, எந்தத் தேதி, செத்தது யார் என்றெல்லாம் காட்ட வேண்டியதில்லை. சட்டம் வருவதற்கு முன்பு சேர்ந்திருந்தாலும் பொருந்தும். கம்பெனி எல்லைக்கு வெளியே இருந்திருந்தாலும் பொருந்தும். அடுத்த வருஷம் 19-வது சட்டம் வந்தது. குற்றவாளி என்று தீர்ப்பான ஆளின் சாட்சியமும் செல்லும் என்றது.

இனி கொலையை நிரூபிக்க வேண்டாம், உறவை நிரூபித்தால் போதும். அந்த உறவைச் சொல்பவர் யார்? இன்னொரு ஆளைக் காட்டிக்கொடுத்தால்தான் தன் கழுத்து தப்பும் என்ற நிலையில் இருக்கும் அப்ரூவர்.

1840 வரையிலான கணக்கைப் பாருங்கள். விசாரணைக்கு அனுப்பப்பட்டவர்கள் 3,689 பேர். தூக்கு 466. நாடு கடத்தல் 1,504. ஆயுள் சிறை 933. விடுதலையானவர்கள்? 97 பேர். இவ்வளவு குறைவான விடுதலைக்கு இரண்டு காரணம் இருக்கலாம். விசாரணை அவ்வளவு கச்சிதமாக இருந்திருக்கலாம். இல்லாவிட்டால் தப்பான ஆளைப் பிரித்துப் பார்க்கும் சல்லடையே அங்கே இல்லாமல் இருந்திருக்கலாம். இரண்டாவதை ஒதுக்கிவிட முடியாது. சந்தேகப்படக் கற்றுக்கொடுத்த ஸ்லீமன், கைதியை எப்படிச் சந்தேகப்படுவது என்பதை அளவுக்கு அதிகமாகக் கற்றுக்கொடுத்தார். தன் சொந்த அப்ரூவரை, தன் சொந்த முடிவை எப்படிச் சந்தேகப்படுவது என்று அவருடைய பயிற்சியில் போதுமான இடம் இல்லை.

காளிக்குப் பலி கொடுக்கும் பரம்பரை ரகசிய மதம் என்று அவர் வரைந்த சித்திரமும் இப்படிப்பட்டதுதான். தக்குகள் பூஜை செய்தது உண்மை, சகுனம் பார்த்தது உண்மை. ஆனா அவர்களில் முஸ்லிம்களும் கணிசமாக இருந்தார்கள். வறுமை, வேலையிழந்த படைவீரர்கள், கொள்ளையில் பங்கு வாங்கிக்கொண்டு பாதுகாப்புக் கொடுத்த ஜமீன்தார்கள் என்று மண்ணில் கால் பதித்த காரணங்கள் நிறைய இருந்தன. கிம் வாக்னர் போன்ற இன்றைய வரலாற்று ஆய்வாளர்கள், தக் கொலைகள் நிஜம், ‘தக் மதம்’ பெரும்பாலும் மிகைப்படுத்தல் என்ற முடிவுக்கு வருகிறார்கள். அந்த மிகைப்படுத்தல்தான் 1984-ல் வந்த இண்டியானா ஜோன்ஸ் படம் வரைக்கும் ஓடியது.

இணையத்தில் சுற்றும் 931 கணக்கையும் இங்கேயே பார்த்துவிடலாம். பெஹ்ராம் என்ற தக் தன் கையால் 931 பேரைக் கொன்றான் என்று போஸ்ட் போடுகிறார்கள் இல்லையா? பேட்டன் பதிவுசெய்த வாக்குமூலத்தில் இருப்பது, அவன் கூட இருந்த கொலைகளின் எண்ணிக்கை. அதுவும் ஒரு அப்ரூவர், பல பத்தாண்டு கழித்து, ஞாபகத்திலிருந்து சொன்னது. 

தமிழ்நாட்டுக்கு வந்த வாரிசு

தக் விவகாரம் ஓய்ந்த பிறகும் துறை மூடப்படவில்லை. 1839-லேயே பிற கொள்ளைக்கூட்டங்களும் அதன் பொறுப்பில் சேர்ந்தன. 1887-ல் அந்தத் துறைக்குள்தான் ஒரு ரகசியத் தகவல் பிரிவு தொடங்கியது. இன்றைய உளவுத்துறையான ஐ.பி. தன் பிறந்த வருஷமாகச் சொல்வது அதைத்தான். 1904-ல் தக் துறை கலைக்கப்பட்டு மத்திய குற்றப் புலனாய்வுத் துறை வந்தது.

இன்னொரு வாரிசும் உண்டு, அது நமக்கு நெருக்கமானது. பிறப்பை வைத்தும் கூட்டத்தை வைத்தும் ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லலாம் என்ற எண்ணம், 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டமாக வளர்ந்தது. 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிரமலைக் கள்ளர், குறவர் உள்ளிட்ட சமூகங்களில் ஆண்கள் கைரேகை வைத்து, ராத்திரி போலீஸ் ஸ்டேஷனில் ஆஜராக வேண்டும் என்ற நிலை. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் சட்டம் 1947-ல்தான் போனது, நாடு முழுக்க 1952-ல். ஸ்லீமன் இதை எழுதவில்லை, அப்போது அவர் உயிரோடும் இல்லை. ஆனா அந்த வம்சாவளி மரத்தின் நிழல் இதில் விழுந்திருப்பதை மறுக்க முடியாது.

ராணுவத்துக்குள் இந்த வேலை இன்று ராணுவ போலீஸ் படையிடம் இருக்கிறது. பயிற்சி மையம் பெங்களூருவில். 2021 மே 8-ம் தேதி அங்கே பயிற்சி முடித்து வெளியே வந்த 83 பேர், அந்தப் படையின் முதல் பெண் வீரர்கள். எல்லையும் வகுத்தாயிற்று. அமைதிக் காலத்தில் ஒரு சிப்பாய் பொதுமக்களில் ஒருவரைக் கொலை செய்தால், 1950 ராணுவச் சட்டத்தின் 70-வது பிரிவுப்படி பொதுவாக கோர்ட் மார்ஷல் விசாரிக்க முடியாது. வழக்கு சாதாரண நீதிமன்றத்துக்குப் போகும். பிடிப்பவரும் விசாரிப்பவரும் தீர்ப்புச் சொல்பவரும் ஒரே சீருடையில் இருக்கக்கூடாது என்ற புரிதல் வர அவ்வளவு காலம் ஆனது.

கடைசிப் பயணம்

ஸ்லீமன் வெறும் போலீஸ் மூளைக்காரர் இல்லை. 1828-ல் ஜபல்பூர் பக்கம் ஒரு குன்றில் பெரிய எலும்புகளைக் கண்டெடுத்தார். அது டைனோசர் என்று அவருக்கே தெரியாது. 1877-ல்தான் அதற்கு டைட்டனோசாரஸ் இண்டிகஸ் என்று பேர் வைத்தார்கள். ஓநாய் வளர்த்த குழந்தைகள் பற்றி 1852-ல் ஒரு சிறு நூல் போட்டார். மொரீஷியஸ் கரும்பை மத்திய இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். கட்னி பக்கம் ஸ்லீமனாபாத் என்று இன்றும் ஒரு ஊர் இருக்கிறது.

குவாலியரில் சில வருஷம் இருந்துவிட்டு, 1849-ல் லக்னோவில் கம்பெனியின் ரெசிடென்ட் ஆனார். அவுத் முழுக்கச் சுற்றிவந்து, நவாப் ஆட்சி மோசம் என்று கடுமையாக எழுதினார். அதை வைத்து நாட்டையே எடுத்துக்கொள்ள டல்ஹவுசி பிரபு முடிவு செய்தபோது, அதை எதிர்த்தவரும் இவர்தான். நிர்வாகத்தைச் சரிசெய்யுங்கள், ராஜ்ஜியத்தைப் பிடுங்காதீர்கள் என்பது அவர் நிலை. வங்காளப் படையின் சிப்பாய்களில் பெரும்பகுதி அவுத் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். அங்கே கை வைத்தால் படைக்குள் வெடிக்கும் என்று முன்கூட்டியே எச்சரித்தார். லீவில் ஊருக்கு நடந்துபோன அந்தச் சிப்பாய்களின் வீடுகளை இவரளவுக்குத் தெரிந்து வைத்திருந்த வெள்ளைக்காரர் குறைவு.

யாரும் கேட்கவில்லை. 1856 பிப்ரவரியில் அவுத் இணைக்கப்பட்டது. அதே மாதம், உடல்நிலை மோசமாகி மோனார்க் என்ற கப்பலில் இங்கிலாந்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஸ்லீமன், 10-ம் தேதி இலங்கைக்கு அருகே கடலில் இறந்துபோனார். வயது 67. உடலைக் கடலிலேயே அடக்கம் செய்தார்கள். பதினைந்து மாதம் கழித்து, 1857 மே 10-ம் தேதி, மீரட்டில் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பினார்கள்.